முச்சக்கர வண்டியிடம் கேட்பதை விளையாட்டுக் கழகத்திடம் ஏன் கேட்பதில்லை?

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் ஒரு நடைமுறையைக் காணலாம். முச்சக்கர வண்டிக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஆண்டு வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்க வருபவர் முதலில் காப்புறுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் பத்திரம் கிடையாது. வண்டியால் வீதியில் போகும் மூன்றாம் ஆளுக்கு ஏதும் நேர்ந்தால் நட்டஈடு கொடுக்க வழி இருக்கிறதா என்பதை அரசு முன்கூட்டியே உறுதிசெய்து கொள்கிறது. அதே செயலகத்தில்தான் விளையாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். கழகங்களின் பதிவு விண்ணப்பங்கள் அவரிடம் போகின்றன. யாப்பு, நிர்வாக சபையின் பெயர்கள், தேசிய அடையாள அட்டை இலக்கங்களோடு அங்கத்தவர் பட்டியல், பொதுக்கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்கு என்று கோவை தடித்துக்கொண்டே போகும். ஆனால், இந்தக் கழகத்தில் பயிலும் ஒரு பிள்ளை விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அதற்கு யார் பொறுப்பு, செலவுக்கு வழி என்ன என்ற கேள்வி அந்தக் கோவையில் எங்கும் இல்லை. வண்டியிடம் கேட்பதைக் கழகத்திடமும் கேட்க வேண்டும், கழகப் பதிவும் விபத்துக் காப்புறுதியும் ஒன்றோடொன்று கட்டப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் நாட்டில் விளையாட்டுப் பதிவு ஓர் ஏணியைப் போல அமைந்திருக்கிறது. மேல்தட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். அதன்கீழ் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தேசியச் சங்கம் பதிவாகிறது. அதற்குக் கீழே மாவட்டச் சங்கங்கள், அவற்றோடு இணைந்த கழகங்கள். பக்கத்தில் இன்னோர் ஏணியும் உண்டு: 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின்கீழ் பதிவாகும் இளைஞர் கழகங்கள். அடித்தட்டில் இருக்கும் கழகத்துக்குப் பதிவால் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் எவரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: பிரதேச விளையாட்டு விழாவில் இறங்கலாம், பந்தும் வலையும் சீருடையும் கேட்டு விண்ணப்பிக்கலாம், சங்கத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். அதன் பிறகு மருதமுனை முதல் பொத்துவில் வரை உதவி நிறுவனங்கள் வந்து இறங்கிய ஆண்டுகளில், பதிவுச் சான்றிதழை உதவி பெறும் சீட்டாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஊறிவிட்டது. பதிவு என்றால் வாங்கும் உரிமை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அது ஒரு பொறுப்பை ஏற்பதும்கூட என்ற எண்ணம் நம்மிடம் வளரவில்லை.

இந்தப் பழக்கத்தின் ஆபத்து பெரும்பாலான நிர்வாகிகளுக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டதால் மட்டும் ஒரு கழகம் சட்டத்தின் முன் தனி ஆளாகிவிடாது. அந்தத் தகுதி வேண்டுமானால் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிய வேண்டும், அல்லது பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். இரண்டும் இல்லாத கழகத்தில் பயிற்சியின்போது கவனக்குறைவால் ஒரு பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டு, பெற்றோர் நீதிமன்றம் போனால், வழக்கு வந்து நிற்பது பயிற்றுவிப்பாளர், தலைவர், செயலாளர் ஆகியோரின் வீட்டு வாசலில். கவனக்குறைவுக்கு நட்டஈடு கேட்கும் உரிமை நம்முடைய ரோமன்-டச்சுச் சட்ட மரபில் நெடுங்காலமாக நிலைபெற்ற ஒன்று. 'என் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் கழகம் பொறுப்பல்ல' என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் கழகங்கள், அந்தத் தாள் கவனக்குறைவையும் மூடி மறைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. காயப்பட்டது பிள்ளை, கையெழுத்திட்டவர் வேறொருவர். சம்பளமே வாங்காமல், தன் கைக்காசைப் போட்டு மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பழக்கும் ஓர் ஆசிரியர், தன் வீட்டையும் சேமிப்பையும் பணயம் வைத்துத்தான் அந்தச் சேவையைச் செய்கிறார் என்பதை நாம் அவரிடம் சொன்னதுகூட இல்லை.

'சுகம் கெட்டால் அரச வைத்தியசாலை இருக்கிறதே, காசா கேட்கிறார்கள்?' என்பது முதலில் எழும் எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இந்தக் கிழக்குக் கரைக்குச் செய்துவரும் சேவையைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இலவசம் என்பது சிகிச்சையோடு நிற்கிறது. முதுகுத்தண்டில் பலத்த அடிபட்டவருக்கு நீண்டகாலப் புனர்வாழ்வு தேவைப்பட்டால் ராகம வைத்தியசாலை வரை போக வேண்டிவரும். அது இங்கிருந்து ஓர் இரவுப் பஸ் பயணம். கூட நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், இழந்த நாட்கூலி, தனியாரிடம் எடுக்கும் ஸ்கேன், வீட்டுக்கு வந்தபின் சக்கர நாற்காலி, மாதக் கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை என்று இவையெல்லாம் குடும்பத்தின் தலையில்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் உபகரணத்துக்கும் அரச வைத்தியசாலைகள் திண்டாடியதை யாரும் மறந்திருக்க முடியாது. வலைவீசியும் வயலில் இறங்கியும் கடையில் நின்றும் அன்றாடம் உழைத்து உண்ணும் வீட்டில், ஆறு மாதம் உழைப்பாளி ஒருவர் வைத்தியசாலையில் நின்றால் அடுத்த பிள்ளையின் படிப்புத்தான் முதலில் நிற்கும்.

அப்படி நேரும்போது நம் ஊர்கள் கைவிடுவதில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், கழக நண்பர்கள் உண்டியலோடு கடைத்தெருவில் இறங்குகிறார்கள். இந்த ஈரம் நம் சமூகத்தின் பெரும் சொத்து. ஆனால் அதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. பெயர் தெரிந்த வீரருக்குச் சேரும் தொகை, பெயர் தெரியாத கூலித் தொழிலாளியின் மகனுக்குச் சேராது. நோன்பு காலத்தில் விழுந்தவருக்குக் கிடைப்பது, கையில் காசு ஓடாத மாதத்தில் விழுந்தவருக்குக் கிடைக்காது. உதவி கேட்கக் கூச்சப்படும் குடும்பத்துக்கு எதுவுமே போய்ச் சேராது. காயம்பட்ட பிள்ளைக்கு வேண்டியது இரக்கத்தின் அளவைப் பொறுத்து ஏறி இறங்கும் தொகை அல்ல. உரிமையோடு கேட்டுப் பெறக்கூடிய, முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட தொகை.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க ஜிம்னாஸ்டிக்கைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. கால்பந்தும் கிரிக்கெட்டும் நம் ஊர்களின் மூச்சு. நிந்தவூர் கபடிக்குப் பெயர்போனது. ஜிம்னாஸ்டிக் இந்தக் கரையில் இன்னும் வேர்விடவில்லை. ஆனால் அது எட்டாத கனவும் அல்ல. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி கலந்துகொண்டு, ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனையானார். மூடிய மண்டபமும் பெண் பயிற்றுவிப்பாளரும் இருந்தால், வெளி மைதானத்தில் விளையாடத் தயங்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு இது. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் விழுவது தற்செயல். இதில் விழுந்து விழுந்துதான் பழக வேண்டும். பெண்கள் நடக்கும் சமநிலைச் சட்டம் தரையிலிருந்து 1.25 மீற்றர் உயரத்தில் இருக்கும்; அதன் அகலம் வெறும் 10 சென்ரிமீற்றர். அதன்மேல் பல்டி அடிக்கப் பழகத் தொடங்கும் பிள்ளைகளில் பலருக்கு எட்டு, ஒன்பது வயதுகூட ஆகியிருக்காது. உச்சத்தில் இருந்தவர்களையே இது விட்டுவைக்கவில்லை. 1978இல் உலகச் சம்பியனான சோவியத் வீராங்கனை எலேனா முகினா, 1980 மொஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர் பயிற்சியில் கழுத்தெலும்பு முறிந்து, 2006இல் இறக்கும்வரை எழுந்து நடக்கவில்லை. சீனாவின் சாங் லான் 1998இல் நியூயோர்க்கில் பாய்ச்சல் மேடையில் ஒத்திகை பார்க்கையில் விழுந்து முடங்கினார். அந்த விபத்துக்கு யார் எதுவரை பொறுப்பு என்ற கேள்வி பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காகி நின்றது. விபத்துக்குப் பிறகு பொறுப்பைத் தேடப் போனால் எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரித்தானியாவில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அங்கே ஜிம்னாஸ்டிக் கழகம் தேசியச் சம்மேளனத்தில் பதிவாகிறது. பிள்ளைகளும் பயிற்றுவிப்பாளர்களும் ஆண்டுச் சந்தா கட்டி அங்கத்தவராகிறார்கள். காப்புறுதி அந்தச் சந்தாவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தனியாக அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காப்புறுதிக்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு பயிற்சியைக் கற்பிப்பவர் அந்தப் பயிற்சிக்குரிய தரத்தில் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். தகுதிக்கு மேற்பட்டதைப் பழக்கினால் பாதுகாப்பு அவருக்கு எட்டாது. இதனால் காப்புறுதி என்பது விபத்துக்குப் பின் வரும் காசோலை மட்டுமாக இல்லாமல், விபத்துக்கு முன் கழகத்தை ஒழுங்குபடுத்தும் கையாகவும் வேலை செய்கிறது. மெத்தையின் தடிப்பு, மண்டபத்தின் உயரம், ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்பவை பேச்சளவில் நில்லாமல் எழுத்துக்கு வருகின்றன.

அதற்காக, காப்புறுதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அமைப்பில் சிறுமிகள் ஆண்டுக்கணக்காகப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான கொடுமை வெளிவந்தபின், அந்த அமைப்பு 2018இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2021இல் 380 மில்லியன் டொலர் நட்டஈட்டுக்கு உடன்பட்டது. அதில் பெரும்பங்கு காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து வந்தது. பிரித்தானியாவிலும் ஜிம்னாஸ்டிக் பயிற்சியில் நடந்த கொடுமைகளை ஆராய்ந்த வைட் அறிக்கை 2022 ஜூனில் வெளிவந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் அந்த விசாரணைக்குத் தம் அனுபவத்தை எழுதித் தந்திருந்தார்கள். பணக்காரப் பதிவு முறையும் பெரிய காப்புறுதியும் இருந்த நாடுகளிலேயே இது நடந்தது. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், பதிவு என்பது பணத்தோடு நிற்கக் கூடாது என்பதே. யார் பயிற்றுவிக்கிறார், அவர் பின்னணி என்ன, பிள்ளை யாரிடம் முறையிடலாம் என்பவையும் அதே கோவையில் இருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பயிற்சி நடக்கும் ஒவ்வொரு மண்டபத்தின் சுவரிலும் பிள்ளைகளின் கண்ணுக்குப் படும்படி எழுதப்பட வேண்டும்.

இங்கே எந்த வகைக் காப்புறுதி வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. இரண்டு வகைகள் வேண்டும். ஒன்று, குழு விபத்துக் காப்புறுதி: தவறு யாருடையது என்று கேளாமல், காயப்பட்டவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகையைக் கொடுப்பது. மற்றது, பொறுப்புக் காப்புறுதி: கழகத்தின் கவனக்குறைவால் பிறருக்கு நேர்ந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்டு வழக்கு வந்தால் கழகத்துக்காக நிற்பது. முதலாவது பிள்ளையைக் காக்கிறது, இரண்டாவது பயிற்றுவிப்பாளரையும் நிர்வாகியையும் காக்கிறது. 2017இல் அரசு தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024இல் மீண்டும் உயிர்பெற்ற 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியது. பாடசாலையை விட்டு விலகி மாலையில் கழகத்துக்கு வரும் இளைஞருக்கு அது இல்லை. கழகத்தின் சட்டப் பொறுப்பையும் அது ஏற்பதில்லை. அரசு நிதி நெருக்கடியில் ஒருமுறை நின்றது இன்னொரு முறையும் நிற்கலாம். குழுக் காப்புறுதிக்கு அங்கத்தவர் பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்குப் பணம் வராது. 'உடற்பயிற்சி வகுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே பல்டி பழக்கினால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் கோரிக்கையைத் தள்ளிவிட வழி உண்டு. எனவே இன்று பேருக்கு எழுதி வைக்கும் அங்கத்தவர் பட்டியலே நாளை பிள்ளையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் ஆவணமாகிறது.

நம் ஊர்களில் எழும் மிக ஆழமான எதிர்வாதம் மார்க்கம் சார்ந்தது. வழமையான காப்புறுதியில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் அது ஆகாது என்று உலமாக்கள் பலர் கருதுகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதற்குரிய விடைதான் தகாஃபுல். பங்காளிகள் தம் பங்கை நன்கொடை நோக்கில் ஒரு பொது நிதியில் இடுகிறார்கள். நிறுவனம் அந்த நிதியை நிர்வகிக்கும் முகவராக நின்று அதற்குரிய கட்டணம் பெறுகிறது. பணம் வட்டியற்ற வழிகளில் முதலிடப்படுகிறது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் தொடங்கியதிலிருந்து இது நமக்குப் புதிதல்ல. ஜும்ஆவுக்குப் பிறகு விரிக்கும் துண்டில் இருக்கும் அதே பரஸ்பர உதவி எண்ணம்தான், முறையான கணக்கும் சட்ட மேற்பார்வையும் பெற்று இங்கே நிற்கிறது. விபத்து கழா கத்ர், அதாவது இறைவிதி, என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது தவக்குல் (நம்பிக்கை) வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். முயற்சியை விட்டுவிட்டு விதியைக் காட்டுவது அந்தப் போதனையோடு பொருந்தாது. வெள்ளத்துக்கும் யானைக்கும் பயந்து வயலுக்குப் பயிர்க் காப்புறுதி கேட்டு நிற்கிறோம். அது நியாயமான கேள்வி. நெல்லுக்குக் கேட்பதைப் பிள்ளைக்கும் கேட்பதில் என்ன தடை?

அடுத்தது செலவு. சிறு கழகங்கள் இதைத் தாங்காது, பதிவே வேண்டாம் என்று ஒதுங்கிவிடும் என்பார்கள். தனியொரு கழகம் போய் விலை கேட்டால் அது உண்மையாகலாம். முப்பது பேருக்கான ஒப்பந்தத்தில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய அக்கறை இராது. ஆனால் ஒரு பிரதேசத்தின் இருபது கழகங்கள் தலா முப்பது அங்கத்தவரோடு சேர்ந்து வந்தால் அறுநூறு பேர். மருதமுனை முதல் பொத்துவில் வரை சேர்ந்தால் ஆயிரக்கணக்கானோர். எண்ணிக்கை கூடும்போது பேரம் பேசும் பலமும் கூடும். கழகமொன்று அங்கத்தவரிடம் மாதம் 100 ரூபா சேர்த்தாலும் ஐம்பது பேரிடமிருந்து ஆண்டுக்கு 60,000 ரூபா வரும். ஒரு மின்னொளிக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு வெற்றிக் கிண்ணம், மின்விளக்கு, ஒலிபெருக்கி, விருந்தினர் மாலை என்று நம் கழகங்கள் திரட்டும் அனுசரணையை அறிந்தவர்கள் பணமே இல்லை என்று சொல்லமாட்டார்கள். கிண்ணத்துக்கு அனுசரணை தரும் வர்த்தகர், பிள்ளைகளின் காப்புறுதிக்கும் தரலாம்; அவர் பெயரைச் சீருடையில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

பதிவுக்கு இன்னொரு நிபந்தனை சேர்த்தால் அது அரசியல்வாதிகளின் கையில் இன்னொரு சாட்டையாகிவிடும் என்பது கடைசி எதிர்வாதம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த அச்சத்துக்கு 2023ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபீஃபா இடைநிறுத்தியது; நவம்பரில் இலங்கைக் கிரிக்கெட்டை ஐ.சி.சி. இடைநிறுத்தியது. சங்கங்களைப் பதிவதும் நிறுத்துவதும் அதிகாரத்தில் இருப்போரின் விருப்பத்தைப் பொறுத்து நடக்கும்போது தண்டனையை அனுபவிப்பது வீரர்கள். ஆகவே காப்புறுதி நிபந்தனை எவருடைய விருப்பத்துக்கும் விடப்படக் கூடாது. செல்லுபடியான ஒப்பந்தத்தின் பிரதி இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு உரியதாக அது இருக்க வேண்டும். வருமான உத்தரவுப் பத்திரம் கொடுப்பவர் வண்டிக்காரர் எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை; காப்புறுதிச் சான்றிதழைத்தான் பார்க்கிறார். விளையாட்டு உத்தியோகத்தரின் மேசையிலும் அதே விதி இருக்கட்டும். எந்த நிறுவனத்தைத் தெரிவுசெய்வது என்ற முடிவு கழகங்களின் சம்மேளனத்திடமே இருக்கட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்முனைக் கரையோரப் பிரதேசங்களின் கழகங்கள் தாமாகவே ஒரு கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கலாம். அங்கத்தவர் பட்டியலைப் புதுப்பித்து, பயிற்றுவிப்பாளர்களின் தகுதியைப் பதிந்து, இரண்டு மூன்று நிறுவனங்களிடம், தகாஃபுல் உட்பட, எழுத்தில் விலைமனு கேட்கலாம். உலமாக்களை ஆரம்பத்திலிருந்தே கலந்தாலோசிக்கலாம். பிரதேச செயலகங்கள் முதலாண்டில் காப்புறுதி பெற்ற கழகங்களுக்கு உபகரண உதவியில் முன்னுரிமை தரலாம். மூன்றாம் ஆண்டில் அதைப் பதிவு புதுப்பித்தலின் கட்டாய நிபந்தனையாக்கலாம். பல்டி, பாய்ச்சல், மல்யுத்தம், கராத்தே போன்ற விழுந்து பழகும் விளையாட்டுகளுக்கு மட்டும் அந்த அவகாசம் கூடாது. அவற்றுக்கு முதல் நாளிலிருந்தே காப்புறுதி வேண்டும். இந்தக் கரையில் முதல் ஜிம்னாஸ்டிக் மண்டபம் திறக்கப்படும்போது, நாடா வெட்ட வரும் பிரமுகரின் பெயரைத் தீர்மானிப்பதற்கு முன் காப்புறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். பெற்றோரும் ஒரு கடமையைச் செய்யலாம்: பிள்ளையைக் கழகத்தில் சேர்க்கப் போகும்போது சீருடையின் விலையைக் கேட்கும் அதே வாயால், காப்புறுதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்கும்படி எழுத்தில் கொடுக்க வேண்டும்.